பாதிக் கோடு கழித்து

பவளம் என்றால் சிவப்பு என்றுதான்
படித்திருந்தேன்.
இது ஊதா.
கிளை நுனியில் மட்டும் பாலாடை மாதிரி ஒரு வெளுப்பு.
'அதுதான் வளர்கிற இடம், தொடாதே'
என்றான் சேர்மதுரை,
பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காத என்னிடம்.

பெங்களூர், ஹொரமாவு, நான்காவது மாடி.
எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடல்
ஒரு ராத்திரி பஸ் தூரம்.
டேங்கர் லாரித் தண்ணீர் நின்ற வாளி விளிம்பில்
வெள்ளை பூத்துக் கிடக்கும்.
அதை நாலு வடிகட்டியில் விட்டு
ஒன்றுமே இல்லாத தண்ணீராக்கி
அப்புறம் உப்பு கொட்டிக் கடலாக்குவான்.
ஒரு குடம் கடலுக்கு மூன்று குடம் கழிவு.
அதில்தான் துணி துவைக்கிறேன்.
மாமியார் போனில் கேட்டார்:
மீனாவது இருக்கிறதா அதில்?
இரண்டு இருக்கிறது என்றேன்,
சும்மா, பேச்சுத் துணைக்கு.

ஞாயிறு காலை சோதனை.
கண்ணாடிக் குப்பியில் நாலு மில்லி தண்ணீர்,
ஊசியில்லாத சிரிஞ்சு, அதில் கோடுகள்.
சொட்டுச் சொட்டாக விட, பச்சை
ஏதோ ஒரு சொட்டில் ரோஸாகும்.
அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும்.
எந்தக் கோட்டில் நின்றதோ அதை வைத்துக் காரத்தன்மை.
எட்டு புள்ளி இரண்டு என்றால்
வீட்டில் அன்றைக்கு நல்ல நாள்.

முதல் ஞாயிறே கூப்பிட்டான்.
'மாறினதும் நிறுத்துன்னு சொல்லு.'
ஏன், உனக்குக் கண் இல்லையா?
பச்சையும் ரோஸும் தனக்கு
ஒரே சாம்பல் என்று அப்போதுதான் சொன்னான்.
பெண் பார்க்க வந்த அன்று
என் புடவை நிறம் அழகு என்றானே!
எனக்கு முன்னால் யார் சொன்னது, நிறுத்து என்று?
'கூட இருந்த பிஜோய்.
அவன் கனடா போனதும் ஒரு கிளை செத்துப்போச்சு.'
அதற்காகவா கல்யாணம் பண்ணினாய்?
சிரிக்கவில்லை. யோசித்தான்.
'கொஞ்சம்' என்றான்.

ஏப்ரலில் சண்டை.
சில்லரும் விளக்கும் பம்பும் சேர்ந்து
கரண்ட் பில் ஆறாயிரத்து நானூறு.
பில்லில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்
பதினேழு நாள் பேச்சு இல்லை.
ஞாயிறுகளில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி
தனியாகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தான்.
நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

நுனிகள் இன்னும் வெளுத்தன.
'நல்லா வளருது' என்று
மீன்களிடம் சொன்னான்.
எனக்குத் தெரிந்தது.
வளர்கிற வெளுப்புக்கு மேல் ஒரு தோல் இருக்கும், ஈரமாக.
இது எலும்பு.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து
சமையலறை விளக்கில் நானே பார்த்தேன்.
பதினொன்று புள்ளி நான்கு.
பயந்து பயந்து சீக்கிரம் நிறுத்தியிருக்கிறான்.
குறைவு என்று நம்பி
சோடாவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான்.
இருட்டில் மயிர்க்கூச்செறிந்து நிற்கும் கிளைகள்
அன்று மொட்டையாக இருந்தன.
அவன் நோட்டில், அவன் எண்களுக்குக் கீழே
என் எழுத்தில் 11.4.
பக்கத்தில், சோடாவை நிறுத்து.
அது பேசியதாகக் கணக்கில்லை.

காலையில் கட்டரைக் கிளையில் வைத்து
என் முகத்தைப் பார்த்தான்.
இன்னும் கீழே, என்றேன்.
இன்னும்.
ம்.
ஓடு உடைகிற சத்தம்.
ஒன்பது துண்டு. பீங்கான் வில்லைகளில்
ஃபெவிக்விக்கால் ஒட்டினான்,
தன் கட்டைவிரலையும் சேர்த்து.
வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஐந்து பிழைத்தன.
ஒட்டின பசையின் மேலேயே ஊர்ந்து பரவியிருக்கிறது
நகக்கண் அளவு ஊதா.
அவனுக்கு அது நீலம். விட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிறு.
சொட்டு. பச்சை. சொட்டு. பச்சை.
ரோஸாகிவிட்டது.
அவன் குப்பியைப் பார்க்கவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இன்னொரு சொட்டு விழ விட்டு
நிறுத்து என்றேன்.
பிறகு,
பாதிக் கோடு கழித்துக்கொள் என்றேன்.